ஆயிரம் பிறையும் ஒரு புட்டியும்

ஷாம்பேன்!

இந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததுமே, இந்தப் பத்திரிகையைச் சமையலறை வரை எடுத்துச் செல்லும் தாய்மார்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மணிகளே, சற்றுப் பொறுங்கள். இந்தக் கட்டுரையில் யாரும் குடிக்கப் போவதில்லை. ஒரு புட்டி வரும். அது கடைசி வரை மூடியபடியேதான் இருக்கும். ஆனால் அந்த மூடிய புட்டியைச் சுற்றி ஒரு குடும்பம் ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து பேசியது. அந்தப் பேச்சைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சம்பவம் நடந்த இடம் சின்னக் காஞ்சிபுரம். சந்தர்ப்பம், ஒரு நெசவாளப் பெரியவரின் சதாபிஷேகம்.

காஞ்சிபுரம் ஒரே ஊர்தான் என்று எண்ணிக்கொண்டு ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் உண்டு. ஊர்க்காரர்களிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்! ஏகாம்பரநாதரும் காமாட்சியும் இருக்கும் பக்கம் பெரிய காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அத்திகிரியைச் சுற்றியுள்ள பக்கம் சின்னக் காஞ்சிபுரம். கருட சேவையன்று குடையும் கூட்டமுமாகத் திணறும் அந்தத் தெருக்களில், மற்ற நாட்களில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் இன்னும் சில வீடுகளிலிருந்து தறிச் சத்தம் கேட்கும். அப்படிச் சத்தம் கேட்ட வீடுகளில் ஒன்றுதான் நான் போனது. இப்போது அங்கே தறி ஓடவில்லை. தறிக்குழியை மூடிச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். அந்தச் சிமெண்டின் மேல்தான் அன்று கோலம் போட்டிருந்தார்கள்.

ஆயிரம் பிறைக் கணக்கு

நம் வீடுகளில் வயதைக் கொண்டாடும் முறையே தனி. மேல்நாட்டார் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு போகிறார்கள். நாம் ஆகாயத்தைப் பார்த்து எண்ணுகிறோம்.

அறுபது வயதில் மணிவிழா. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷங்கள் ஒரு சுற்றுச் சுற்றி, பிறந்த வருஷத்தின் பெயரே மறுபடியும் வந்து நிற்கும் நாள் அது. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 வருஷம், சனி சுற்ற ஏறக்குறைய 30 வருஷம். இரண்டுக்கும் பொதுவான எண் அறுபதல்லவா? அப்புறம் எண்பதுக்கு மேல் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்கிறோமே, அது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சுமார் இருபத்தொன்பதரை நாள். காகிதமும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். ஆயிரமாவது பௌர்ணமியைக் காண எண்பது வயது முடிந்து இன்னும் ஒன்பது பத்து மாதங்கள் ஆகவேண்டும். கால்குலேட்டர் இல்லாத காலத்து மனிதர்கள் போட்ட கணக்கு, போங்கள்!

இந்த வைபவங்களுக்குத் தம்பதிகள் பலர் திருக்கடையூருக்குப் போவதுண்டு. மார்க்கண்டேயனுக்காகக் காலனையே உதைத்த தலம் என்பதால் அங்கே அறுபதுக்கும் எண்பதுக்கும் வருஷம் முழுவதும் கூட்டம். நம் பெரியவரிடமும் பிள்ளைகள் அந்த யோசனையைச் சொன்னார்களாம். "வரதனை விட்டுட்டு எங்கே போறது? நாப்பது வருஷத்துக்கு ஒரு தரம் அவனே குளத்துலேருந்து எழுந்து வந்து பார்த்துட்டுப் போறான். நான் பக்கத்துத் தெருவிலே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாராம்.

அனந்தசரஸ் திருக்குளத்தினுள்ளே நாற்பது ஆண்டுகள் சயனித்திருக்கும் அத்தி வரதரைத்தான் அவர் சொன்னார். 1979-ல் ஒரு முறை. பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, 48 நாட்கள். பெரியவர் பிறந்தது தாரண வருஷம், அதாவது 1944. ஆகவே முப்பத்தைந்து வயதில் ஒரு தரிசனம், எழுபத்தைந்து வயதில் ஒரு தரிசனம். "அடுத்தது 2059. அதுக்கு நீங்க போய்ப் பாருங்க, தம்பி" என்று என்னிடம் சிரித்தார்.

காலையில் ஹோமம் முடிந்தது. கலச தீர்த்தத்தைச் சல்லடை வழியே தம்பதியின் தலையில் வார்த்தார்கள். ஈரத்தோடு இருவரும் உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்தார்கள். பெரியவர் வேஷ்டி அங்கவஸ்திரத்தில் வந்தார். அந்த அம்மாள் அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்ட கோர்வைப் பட்டில் வந்தார். மாங்கல்யதாரணம் ஆயிற்று. எண்பது வயது மாப்பிள்ளை தாலி முடியும்போது விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஆயுள் முழுவதும் இழை முடிந்த விரல் அல்லவா!

அந்தப் பச்சைக் கரைப் புடைவையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

புட்டி வந்தது

பெரியவரின் மூத்த பிள்ளை பிரான்ஸில் என்ஜினீயராக இருக்கிறார். அங்கே போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தகப்பனாரின் விழாவுக்காக மனைவி மக்களோடு வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தி எல்லாம் முடிந்து, உறவினர்கள் பாதிப் பேர் பஸ் ஏறிவிட்ட பிறகு, மாலை நாலரை மணி சுமாருக்கு, கூடத்தில் வீட்டு மனிதர்கள் மட்டும் இருந்தோம். நான் அந்தப் பிள்ளையின் தம்பிக்குக் கல்லூரித் தோழன் என்ற உரிமையில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் பெட்டியைத் திறந்து, கம்பளியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். கனத்த பச்சைக் கண்ணாடி. கழுத்தில் பொன்னிறக் காகிதம். தகப்பனாரின் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அதை நீட்டினார்.

"அப்பா, நான் இருக்கிற ஊர்லே தாய் தகப்பனுக்குப் பெரிய பிறந்த நாள் வந்தா, வீட்டிலே இருக்கிறதிலேயே உயர்ந்த ஷாம்பேனைத் திறந்து எல்லோருக்கும் பங்கு போடுவாங்க. அதைவிடப் பெரிய மரியாதை அங்கே கிடையாது. நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனாலும் வெறுங்கையோட வர மனசு வரலே."

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. தாயார் சுவரைப் பார்த்தார். ஊஞ்சலுக்குப் பின்னால் வெள்ளைப் புடைவையில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது.

காரணத்தை அப்போது நான் அறியேன். பிற்பாடு தோழன் சொன்னான். அந்த அம்மாள் அவர்களுடைய சித்தி. பெரியவரின் தம்பி, அண்ணனை விடக் கெட்டிக்கார நெசவாளி. கோர்வை போடுவதில் அந்தத் தெருவில் அவருக்கு நிகர் இல்லை. நம் மாகாணத்தில் 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1971-ல் தளர்த்தப்பட்டது உங்களுக்குத் தெரியும். கடைகள் திறந்த சில வருஷங்களில் அவருடைய கைக்கு நடுக்கம் வந்துவிட்டது. கரையும் உடலும் சேரும் இடத்தில் இழை தப்ப ஆரம்பித்தது. முதலில் கூலி போயிற்று. பிறகு தறி போயிற்று. பிறகு அவரே போனார். அன்றிலிருந்து அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டி ஒரு புட்டி உள்ளே வந்ததில்லை.

பிள்ளைக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் இருபத்தைந்து வருஷம் வேறு ஒரு தேசத்தில் வாழ்ந்தவனுக்கு, ஒரே பொருள் இரண்டு ஊர்களில் இரண்டு அர்த்தம் கொள்ளும் என்பது அந்த ஒரு கணத்தில் மறந்துபோயிருக்கலாம். முகத்தில் இரத்தம் சுண்டிவிட்டது. புட்டியைத் திரும்பப் பெட்டியில் வைக்கப் போனார்.

"இரு" என்றார் பெரியவர். "அதைக் கொடு. கண்ணாடியை எடுத்துக்கிட்டு வா."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புட்டியை வெளிச்சத்தில் பிடித்து, தறியிலிருந்து அறுத்தெடுத்த புடைவையைப் பரிசோதிப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "இது எப்படிச் செய்யறாங்க? சொல்லு" என்றார்.

அதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது. பிள்ளை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நானும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

இருட்டில் கிடக்கும் வேலை

ஷாம்பேன் என்பது முதலில் ஒரு பிரதேசத்தின் பெயர். பிரான்ஸின் வடகிழக்கே ரான்ஸ், எப்பர்னே என்ற இரண்டு ஊர்களைச் சுற்றிய சுண்ணாம்புப் பூமி. அங்கே விளைந்த திராட்சையில், அங்கே செய்த மதுவுக்குத்தான் ஐரோப்பாவில் அந்தப் பெயரை வைக்கலாம். மற்ற இடத்தில் செய்தால் வேறு பெயர்தான் வைக்கவேண்டும்.

"நம்ம காஞ்சிபுரம் பட்டு மாதிரி" என்றார் பெரியவர். உண்மைதான். நமது பட்டுக்கும் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பு உண்டு.

திராட்சைச் சாறு சாதாரணமாகப் புளித்து மதுவாகிவிடும். ஷாம்பேனுக்கு அது பாதி வேலை. அந்த மதுவைப் புட்டியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் நுரைமமும் சேர்த்து, இறுக மூடி நிலவறையில் கிடத்திவிடுவார்கள். உள்ளே இரண்டாம் முறை புளிக்கும். அப்போது உண்டாகும் கரியமில வாயு வெளியே போக வழி இல்லாமல் மதுவிலேயே கரைந்து நிற்கும். திறந்ததும் பொங்கி வரும் குமிழி அதுதான். உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் ஆறு வளிமண்டலம்; மோட்டார் கார் டயரில் இருப்பதுபோல் இரண்டு மூன்று மடங்கு. முற்காலத்தில் புட்டிகள் நிலவறையிலேயே வெடிக்குமாம். வேலையாட்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்களாம்.

டாம் பெரிஞான் என்ற துறவி (1638-1715) இந்தக் குமிழியைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதைதான். அவர் காலத்தில் குமிழி ஒரு குற்றம். அது வராமல் தடுப்பதற்குத்தான் அந்த மனிதர் பாடுபட்டார். சர்க்கரை சேர்த்து மதுவை நுரைக்க வைப்பது பற்றி 1662-லேயே லண்டன் ராயல் சொஸைட்டியில் கிறிஸ்டபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் கட்டுரை சமர்ப்பித்துவிட்டார். குற்றமென்று தள்ளியதே பிற்பாடு பெருமையாகிவிடுவது எந்தத் தொழிலிலும் உண்டு.

இரண்டாம் முறை புளித்த பிறகு புட்டிக்குள் வண்டல் தங்கும். அதை எடுக்காவிட்டால் மது கலங்கிப்போகும். மூடியைத் திறந்தால் வாயு போய்விடும். என்ன செய்வது? இதற்கு வழி கண்டவர் ஒரு பெண்மணி. மேடம் கிளிக்கோ. 1805-ல் இருபத்தேழாவது வயதில் கணவனை இழந்தவர். வியாபாரத்தை மூடிவிடாமல் தாமே ஏற்று நடத்தினார். துளைகள் போட்ட பலகையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தால், வண்டல் மெல்ல இறங்கிக் கழுத்தில் வந்து சேரும் என்று 1816 வாக்கில் அவருடைய நிலவறையில் கண்டார்கள். பிறகு கழுத்தை மட்டும் உறையவைத்துத் திறந்தால், அழுத்தமே வண்டலை வெளியே தள்ளிவிடும். இப்போது பெரும்பாலும் யந்திரம் திருப்புகிறது. ஆனாலும் கையால் திருப்பும் ஆட்கள் இன்னும் உண்டு.

வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த சித்தி முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"அந்தப் பொம்பளையோட புருஷன் குடிச்சுச் செத்தானா?"

"இல்லே, சித்தி. காய்ச்சலிலேன்னு சொல்றாங்க."

"ம்" என்றார் சித்தி. மறுபடி வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

எத்தனை நாள் கிடக்கும் என்று கேட்டார் பெரியவர். சாதாரண ஷாம்பேன் குறைந்தது பதினைந்து மாதம். ஒரே வருஷத்து அறுவடையில் செய்து, அந்த வருஷத்தைச் சீட்டில் போட்டு விற்பது என்றால் சட்டப்படி மூன்று வருஷம். நல்ல கம்பெனிகள் அதற்கு மேலும் பல வருஷம் வைத்திருப்பார்கள். பிள்ளை பிறந்த வருஷத்து மதுவை வாங்கி நிலவறையில் போட்டு, அவனுக்குக் கல்யாணம் ஆகும்போதோ தலை நரைத்த பிறகோ எடுத்துத் திறக்கும் குடும்பங்கள் பிரான்ஸில் உண்டு. 2010-ல் பால்டிக் கடலில் ஆலண்டு தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில், மூழ்கிப்போன ஒரு கப்பலிலிருந்து 168 புட்டிகளை எடுத்தார்கள். அவற்றில் மேடம் கிளிக்கோவின் கம்பெனிப் புட்டிகளும் இருந்தன. 170 வருஷம் போலத் தண்ணீருக்கடியில், இருட்டில், குளிரில் கிடந்தவை. ருசி பார்த்தவர்கள் இன்னும் குடிக்கும்படி இருந்ததாகச் சொன்னார்கள்!

"தண்ணிக்குள்ளே கிடந்து காத்திருக்கிறதைப் பத்தி எங்க ஊருக்குப் புதுசா சொல்ல வேண்டாம்" என்றார் பெரியவர். கூடத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எழுந்தது.

குடலைக்குள்ளும் கரியமில வாயு

அந்தச் சமயத்தில் தாயார் உள்ளேயிருந்து தட்டு கொண்டுவந்தார். காஞ்சிபுரம் இட்லி. வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் அதே குடலை இட்லி.

வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து, ரவை பதத்தில் கொரகொரவென்று அரைத்து, இராப் பொழுது முழுவதும் புளிக்கவைப்பார்கள். மறுநாள் சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், நெய் சேர்ப்பார்கள். நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் பரப்பி, மாவை ஊற்றி, ஆவியில் வைத்தால் வேக மூன்று மணி நேரம் போல ஆகும். நம் வீட்டு இட்லியைப்போல் பத்து நிமிஷத்தில் இறக்கும் சமாசாரம் அல்ல. குடலையை விட்டுத் தூண்போல வெளியே வரும். அதை வில்லை வில்லையாக நறுக்குவார்கள். ஒருவர் ஒரு குடலை இட்லியைத் தனியாகத் தின்ன முடியாது. பங்கு போடுவதற்கென்றே பிறந்த இட்லி அது.

இட்லிக்கும் வயது கொஞ்சமல்ல. கி.பி. 920 வாக்கில் எழுதப்பட்ட 'வட்டாராதனே' என்ற கன்னட நூலில் 'இட்டலிகே' என்ற பெயர் வந்துவிடுகிறது.

இங்கே எனக்கு ஒரு வேடிக்கை தோன்றிற்று. புட்டிக்குள் குமிழி விட்டதும் கரியமில வாயு. குடலைக்குள் மாவைப் பொங்க வைத்ததும் அதே கரியமில வாயு. அங்கே நுரைமம் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது. இங்கே உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் காரியத்தைச் செய்கின்றன. ரான்ஸ் நகரத்து நிலவறைக்காரரும் சின்னக் காஞ்சிபுரத்து மடைப்பள்ளிக்காரரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் "அவசரப்படாதே, மூடி வை, காலையில் பார்க்கலாம்" என்ற பாடத்தை இருவருமே கண்ணுக்குத் தெரியாத அந்த ஜந்துக்களிடம் கற்றிருக்கிறார்கள்!

பச்சைக் கரை

புட்டியைப் பெரியவர் இன்னும் கையிலேயே வைத்திருந்தார். சீட்டில் இருந்த எண்ணைத் தடவிப் பார்த்தார்.

"2008-னு போட்டிருக்கு. ஏன் இந்த வருஷம்?"

பிள்ளை கொஞ்சம் தயங்கினார். "அந்த வருஷம் ஷாம்பேன் பிரதேசத்திலே அருமையான விளைச்சல்னு பேர், அப்பா. ஆனா அதுக்காக மட்டும் வாங்கலே. நீங்க தறியை விட்டு எழுந்த வருஷம் அது. நான் போன்லே பேசறப்போ, 'கடைசிப் பாவு முடிஞ்சுது'ன்னு சொன்னீங்க. அன்னிக்கு நான் ஒண்ணுமே சொல்லலே. ஆபீஸ்லே இருந்தேன். 'சரிப்பா'ன்னு போனை வெச்சுட்டேன். அதுதான்..."

மேலே அவரால் பேச முடியவில்லை.

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தாம் உடுத்தியிருந்த புடைவையின் முந்தானையை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"இதுவும் அந்த வருஷத்துதாண்டா."

கடைசிப் பாவில் பெரியவர் நெய்த கடைசிப் புடைவை அது. அரக்கு உடலும் பச்சைக் கரையும். கோர்வை என்றால் சாமானியமல்ல. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா, மூன்றும் தனித்தனியே ஓடும். ஒரு பக்கம் உதவிக்கு ஆள் உட்காரவேண்டும். கரையின் இழையும் உடலின் இழையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போகவேண்டும். சரியாகக் கோத்தால் பட்டு கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். மற்ற புடைவைகள் எல்லாம் கடைக்குப் போய் யார் யாருடைய கல்யாணத்திலோ கூறைப் புடைவையாயின. இந்த ஒன்றை மட்டும் பெரியவர் விற்கவில்லை. "ஆயிரம் பிறைக்கு வேணும்" என்று மனைவியிடம் கொடுத்துப் பெட்டியில் வைக்கச் சொன்னாராம். அப்போது அவருக்கு அறுபத்துநாலு வயது. அந்த நாள் வரும் என்று யார் கண்டார்கள்?

பட்டுப் புடைவையைப் பெட்டியில் போட்டு மறந்துவிட முடியாது. ஒரே மடிப்பில் வருஷக் கணக்கில் கிடந்தால் மடிப்போடு ஜரிகை முறிந்துபோகும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைக்கவேண்டும். அந்த அம்மாள் பதினாறு வருஷத்துக்கு மேல் அப்படிச் செய்துகொண்டிருந்தார். ஒரு முறைகூட உடுத்திப் பார்க்கவில்லை.

"அங்கே அந்தப் பொம்பளை புட்டியைத் திருப்பித் திருப்பி வெச்சான்னு சொன்னியே. நானும் அதைத்தான் செஞ்சிருக்கேன்" என்றார்.

தீர்ப்பு

இனிப் புட்டியை என்ன செய்வது? இதுதான் கேள்வி. பெரியவர் பதில் சொல்லவில்லை. "என்னைக் கேக்காதே. இந்த வீட்டிலே இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவ ஒருத்திதான்" என்று ஊஞ்சலுக்குப் பின்னால் பார்த்தார்.

எல்லோரும் சித்தியைப் பார்த்தோம். அந்த அம்மாள் அவசரப்படவில்லை. மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குப் புட்டி மேலே கோவம் இல்லேப்பா. அதைச் செஞ்சவங்க கஷ்டப்பட்டுத்தான் செஞ்சிருக்காங்க. நீயும் ஆசையாத்தான் கொண்டாந்தே. ஆனா திறக்கறப்போ ஒரு சத்தம் வரும்னாங்களே, அந்தச் சத்தம் இந்த வாசல்லே கேக்க வேண்டாம். உங்க ஊர்லே அளவோட நிறுத்தத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. அவங்களோட திற. இப்போ கிட்டே வந்து என்னோட இட்லி தின்னு."

அவ்வளவுதான். பிள்ளை நகர்ந்து போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் ஒரு வில்லையைப் பிட்டுப் பாதியை அவர் கையில் வைத்து, மீதியைத் தாம் எடுத்துக்கொண்டார்.

புட்டியைப் பரணில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று தோழன் ஒரு யோசனை சொன்னான். அதற்கு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஷாம்பேனுக்கு உஷ்ணமும் வெளிச்சமும் பரம விரோதிகள். நிலவறையின் சூடு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் போகாது. காஞ்சிபுரத்துக் கோடையில் பரணில் ஒரு மாதம் இருந்தால் உள்ளே இருப்பது பாழ். புட்டியும் வெடித்துத் தொலைக்கலாம். ஆகவே வந்த வழியே கம்பளிக்குள் சுருண்டு அது பிரான்ஸுக்கே பிரயாணப்படுவது என்று முடிவாயிற்று.

புறப்படும்போது பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். "இப்பவே திறந்துடாதே. உனக்கு மணிவிழா வருதே, அதுவரைக்கும் இருட்டிலே போட்டு வை. உன் பிள்ளைகள் கையாலே திறக்கட்டும். முதல் கிளாஸை எடுக்கறதுக்கு முன்னாலே, இது எங்க அப்பா தறியை விட்டு எழுந்த வருஷத்துச் சரக்குன்னு அவங்களுக்குச் சொல்லு. கடைசியா நெஞ்ச சேலையைப் பத்தியும் சொல்லு."

"அதுவரைக்கும் தாங்குமா?" என்று நான் பிள்ளையிடம் தனியாகக் கேட்டேன்.

"நல்ல வருஷத்துச் சரக்கு, குளிர்ந்த இடத்திலே கிடந்தா தாங்கும், சார். குமிழி கொஞ்சம் குறையும். ருசி கூடும்" என்றார்.

நேயர்களே, உங்களில் பலருக்கும் பிள்ளைகளோ பெண்களோ கடல் கடந்து இருப்பார்கள். அடுத்த மணிவிழாவுக்கோ சதாபிஷேகத்துக்கோ அவர்கள் எதையாவது கம்பளியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அது உங்களுக்கு ஆகாத பொருளாக இருக்கலாம். ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சின்னக் காஞ்சிபுரத்துப் பெரியவர் ஏற்கவில்லை. திருப்பித்தான் அனுப்பினார். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது எப்படிச் செய்யறாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டார்.

நான் பஸ் ஏறும்போது இருட்டிவிட்டது. வரதராஜப் பெருமாள் கோபுரத்துக்கு மேலே சந்திரன் எழும்பியிருந்தது. பெரியவருடைய கணக்கில் அது ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலா. வீட்டுத் திண்ணையில் மனைவியோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கையில் மந்தாரை இலையில் மடித்த இரண்டு வில்லை இட்லி இருந்தது. சென்னை போய்ச் சேருகிற வரை சுக்கு வாசனை போகவில்லை.